கோட்டின் அகலமும் அறிவின் குறுக்கமும்

நமது பல்கலைக்கழகங்களில் வெளிப்படையாகக் கூறப்படாமலே ஏற்றுக்கொள்ளப்பட்டுள்ள கருத்துகளுள் ஒன்று, சிந்திப்போர் வேறு, அளப்போர் வேறு என்பதாகும். சிந்திப்போர் அறிஞர், அளப்போர் அவ்வறிஞருக்கு வேண்டிய எண்களைத் திரட்டிக் கொடுக்கும் பணியாளர். விஞ்ஞானபீடத்தில் இது கொள்கைக்கும் செய்முறைக்கும் இடையிலான ஏற்றத்தாழ்வாக வெளிப்படுகின்றது. கலைப்பீடத்தில் கோட்பாடு பேசுவோருக்கும் தரவு சேர்ப்போருக்கும் இடையிலான ஏற்றத்தாழ்வாக வெளிப்படுகின்றது. பீடங்கள் வேறாயினும் நோய் ஒன்றே. மூளை உழைப்பை உயர்ந்ததென்றும் கை உழைப்பைத் தாழ்ந்ததென்றும் பிரித்து வைத்த பழைய சமுதாயத்தின் எச்சம் அது. இப்பிரிவினை அநீதியானது என்று பலர் கூறியுள்ளனர். அநீதியானது என்பதோடு அது அறிவையே குறுக்கிவிடுகின்றது என்பதை ஒரு குறிப்பிட்ட சான்றைக் கொண்டு நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சான்று பௌதிகத்தின் ஒரு சிறு மூலையிலிருந்து எடுக்கப்படுகின்றது. மூலகங்கள் உமிழும் ஒளியை நிறமாலையாகப் பிரிக்கும்போது தோன்றும் கோடுகள், அவ்வொளி பிறந்த பிளாஸ்மாவின் நிலைமைகளுக்கேற்ப அகல்கின்றன. அவ்வகலத்தை அளந்தறிதலே இங்கு எடுத்துக்கொள்ளப்படும் பணி. கலைப்பீட மாணவன் ஒருவனுக்கு இதிலே என்ன வேலை என்று சிலர் வினவக்கூடும். எது சான்று, எது பிழை, யாருடைய உழைப்பு அறிவெனக் கணிக்கப்படும் என்னும் வினாக்கள் பௌதிகவியலாளருக்கு மாத்திரம் உரியனவல்ல. அவை வரலாற்றுக்கும் மெய்யியலுக்கும் உரியவை. ஆதலால் அவற்றை எழுப்பும் உரிமை எமக்கு உண்டு, கடமையும் உண்டு.

கோடு ஏன் அகல்கின்றது?

1814இல் ஜேர்மனியரான பிரவுன்ஹோவர் ஞாயிற்றின் நிறமாலையிலே நூற்றுக்கணக்கான கருங்கோடுகளைக் கண்டு அவற்றின் இடங்களைக் குறித்து வைத்தார். 1859ஆம், 1860ஆம் ஆண்டுகளில் கேர்க்கோவும் புன்சனும் ஒவ்வொரு மூலகத்துக்கும் அதற்கேயுரிய கோடுகள் உண்டென்று காட்டினர். அன்று முதல் நிறமாலைக் கோடு மூலகங்களின் கைரேகையாயிற்று. பாடநூல்களிலே இக்கோடுகள் அகலமற்ற மெல்லிய கீறல்களாக வரையப்படுகின்றன. இயற்கையிலே அகலமற்ற கோடு ஒன்றேனும் இல்லை.

அகலத்துக்குக் காரணங்கள் பல. அணுவின் கிளர்ந்த நிலை குறுகிய காலமே நிலைப்பதால் வரும் இயல்பான அகலம் மிகச் சிறியது. வெப்பத்தினால் அணுக்கள் எல்லாத் திசைகளிலும் விரைந்து திரிவதால் வருவது டொப்ளர் அகலம். ஐதரசனின் 486.1 நனோமீற்றர் அலைநீளமுள்ள நீலப்பச்சைக் கோட்டை எடுத்துக்கொள்வோம். வெப்பநிலை 10,000 கெல்வினாக இருக்கும்போது அதன் டொப்ளர் அகலம் ஏறக்குறைய 0.035 நனோமீற்றர் ஆகும். ஆனால் அதே ஐதரசன் பிளாஸ்மாவாகி, அதாவது அணுக்கள் பல தம் இலத்திரன்களை இழந்து மின்னேற்றமுற்ற துணிக்கைகளின் கூட்டமாகி, ஒரு கன சென்ரிமீற்றரில் பத்தின் 16ஆம் அடுக்களவு இலத்திரன்கள் இருக்குமாயின், அக்கோட்டின் அகலம் ஏறத்தாழ 1 நனோமீற்றராக விரிகின்றது. இலத்திரன்களின் செறிவு அதனிலும் பத்து மடங்காயின், அகலம் 4.8 நனோமீற்றரை எட்டுகின்றது.

இவ்விரிவு எங்கிருந்து வருகின்றது? ஒளியை உமிழும் அணு தனித்திருப்பதில்லை. அதனைச் சூழ அயன்களும் இலத்திரன்களும் நெருங்கியுள்ளன. அவற்றின் மின்புலம் அணுவின் சத்தி மட்டங்களை அசைக்கின்றது. ஒவ்வோர் அணுவும் அயலவரின் நெருக்கத்துக்கேற்ப வெவ்வேறு அளவில் அசைக்கப்படுவதால், கோடி கோடி அணுக்களின் ஒளி ஒன்றுசேரும்போது கோடு அகன்று தோன்றுகின்றது. கோட்டின் இடம் அவ்வணு எம்மூலகத்தைச் சேர்ந்தது என்று கூறும். கோட்டின் அகலம் அவ்வணு எத்தகைய சூழலில் வாழ்ந்தது என்று கூறும். தொடமுடியாத இடத்திலுள்ள பிளாஸ்மாவின் செறிவை அறிவதற்கு இதனிலும் நேரிய வழிகள் மிகச் சிலவே.

அமுக்கம் கூடும்போது ஐதரசனின் கோடு அகல்கின்றது என்பதைப் பிராங்லண்டும் லொக்கியரும் 1869இலேயே ஆய்வுகூடத்திற் கண்டிருந்தனர். ஆயினும் அதன் பின்னரும் பல்லாண்டுகளாகப் பெரும்பாலோர் அகலத்தை ஒரு தொல்லையாகவே கருதினர். கோட்டின் இடத்தைத் திருத்தமாகக் குறிப்பதற்கு அது தடையாயிருந்தது. தகட்டின் குறை, கருவியின் குறை, வாயுவின் தூய்மைக் குறை என்று அதற்குப் பெயர்கள் சூட்டப்பட்டன. தாம் தேடாத ஒன்றைக் குறையென்று ஒதுக்குவது மனித இயல்பு. அவ்வாறு ஒதுக்கியதால் விளைந்த இழப்பை அடுத்து நோக்குவோம்.

கண்டவரும் கணிக்கப்படாதவரும்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்காவின் ஹாவார்ட் வானாய்வு நிலையத்திலே, எட்வேர்ட் பிக்கரிங் என்னும் பணிப்பாளரின் கீழ், விண்மீன்களின் நிறமாலைகளை வகைப்படுத்தும் பெருமுயற்சி நடைபெற்றது. ஒளிப்படத் தகடுகளை நுணுகிப் பார்த்துக் கோடுகளைக் குறிக்கும் பணிக்குப் பெண்கள் அமர்த்தப்பட்டனர். அவர்களுட் பலருக்கு மணிக்கு 25 சதம் அளவே ஊதியம். பெண்களுக்கு வானியலின் கதவைத் திறந்தவர் என்று பிக்கரிங்கைப் புகழ்வோர் உளர். அப்புகழ் முற்றும் பொய்யன்று. ஆனால் அக்கதவு எந்த அறைக்குத் திறந்தது என்பதையும் கேட்க வேண்டும். பார்ப்பதற்கும் குறிப்பதற்கும் அங்கு இடமிருந்தது. பார்த்ததன் பொருள் யாதென்று தீர்மானிக்கும் உரிமை வேறோர் அறையில் இருந்தது.

அப்பணிக்கு 1888இல் வந்தவர் அன்ரோனியா மோரி. பல்கலைக்கழகக் கல்வியை முடித்த இவர், வடவானின் ஒளிமிக்க விண்மீன்களை வகைப்படுத்தும் பொறுப்பை ஏற்றார். ஒரே மூலகங்களின் கோடுகளைக் கொண்ட, ஒரே வகையைச் சேர்ந்த விண்மீன்களிலும் கோடுகளின் தோற்றம் ஒன்றுபோல் இல்லை என்பது அவர் கண்ணிற் பட்டது. சிலவற்றின் கோடுகள் வழக்கமான அகலமுடையன. சிலவற்றில் அவை அகன்று மங்கியிருந்தன. வேறு சிலவற்றில் வியக்கத்தக்க ஒடுக்கமும் கூர்மையும் கொண்டிருந்தன. அவர் இவற்றை ஏ, பி, சி என மூன்று பிரிவுகளாக்கினார். 681 விண்மீன்களைக் கொண்ட அவருடைய பட்டியல் 1897இல் வெளிவந்தது.

பிக்கரிங் இப்பிரிவுகளை விரும்பவில்லை. அவை சிக்கலானவை, வேலையைத் தாமதப்படுத்துபவை. எளிமையான வேறோர் ஒழுங்கே நிலையத்தின் பொது ஒழுங்காயிற்று. 1918 முதல் 1924 வரை வெளிவந்த பெரும் பட்டியலில் 225,300 விண்மீன்கள் இடம்பெற்றன. அதனை நிறைவேற்றிய அனி ஜம்ப் கனன் அம்மையாரின் உழைப்பு வணங்கத்தக்கது. எனினும் கோட்டின் அகலம் பற்றிய மோரியின் பிரிவுகள் அதில் இடம்பெறவில்லை.

கொப்பன்ஹேகனிலே ஐனார் ஹேர்ட்ஸ்புருங் என்பவர் மோரியின் பட்டியலை ஊன்றிக் கற்றார். 1905இல் அவர் வெளியிட்ட முடிவு இது: ஒடுங்கிய கோடுகளையுடைய ‘சி’ விண்மீன்கள் வானத்தில் இடம்பெயரும் அளவு மிகக் குறைவு. ஆகவே அவை மிகத் தொலைவில் உள்ளன. அத்துணைத் தொலைவிலிருந்தும் ஒளிமிக்கனவாகத் தோன்றுவதால், அவை உண்மையிலே பேரொளி படைத்தவை. இராட்சத விண்மீன் என்றும் குள்ள விண்மீன் என்றும் இன்று பள்ளி மாணவரும் அறிந்திருக்கும் வேறுபாட்டை நிறுவிய தொடக்ககாலச் சான்றுகளில் இது முதன்மையானது. 1908இல் அவர் பிக்கரிங்குக்கு எழுதிய கடிதத்திலே, இப்பிரிவைக் கைவிடுவது திமிங்கிலத்துக்கும் மீனுக்கும் உள்ள வேறுபாட்டைக் கண்டபின்னும் இரண்டையும் ஒரே இனமாக எண்ணுவதை ஒக்கும் என்னும் கருத்துப்பட முறையிட்டார். அத்தகடுகளைக் கொண்டு கோட்டின் அகலத்தை நம்பத்தக்கவாறு கூறமுடியாது என்பதே பிக்கரிங்கின் நிலைப்பாடாயிருந்தது.

1922இல் சர்வதேச வானியல் ஒன்றியம் ‘சி’ என்னும் குறியீட்டைத் தன் வகைப்பாட்டிலே சேர்த்துக்கொண்டது. மோர்கன், கீனன், கெல்மன் ஆகியோர் 1943இல் வெளியிட்ட வகைப்பாட்டின் மூலமே ஒளிர்வு வகுப்பு என்னும் இரண்டாவது பரிமாணம் முழுமையாக நிலைபெற்றது. 1897இலிருந்து 1943 வரை 46 ஆண்டுகள். இத்தாமதத்துக்குக் கருவிகளின் குறை மாத்திரம் காரணமன்று. கருவிக்கு முன் அமர்ந்து கண்டவருடைய தீர்ப்பை ஒரு தீர்ப்பாகவே கணிக்காத அமைப்பும் காரணமாகும்.

இராட்சத விண்மீனின் மேற்பரப்பிலே வாயு ஐதானது. அணுவுக்கு அயலவர் குறைவு, மின்புலம் வலிகுன்றியது, ஆகவே ஐதரசனின் கோடு ஒடுங்கியிருக்கின்றது. இவ்விளக்கம் மோரிக்குத் தெரிந்திருக்க முடியாது. அது பிறப்பதற்கு வேண்டிய பௌதிகம் அன்று இல்லை. விளக்கம் கிடைக்கும்வரை காத்திராமல், விளக்கமற்ற வேறுபாட்டையும் வேறுபாடென்று பதிந்து வைத்தமையே அவருடைய அறிவுத்துணிவு. அதனைச் சிந்தனை என்று ஏற்காதவர்கள் வேறு எதனைச் சிந்தனை என்பர்?

அளவையைப் போற்றிச் சிந்தனையைத் தூற்றியவர்

இப்பிரிவினைக்கு மறுபக்கமும் உண்டு. சிந்திப்போர் அளப்போரைத் தாழ்த்துவது ஒரு வகை. அளப்பதையே அறிவின் முழுமை என்று கொண்டு சிந்திப்போரைப் பழிப்பது இன்னொரு வகை. இரண்டாவதற்குரிய கொடிய எடுத்துக்காட்டும் இதே துறையில் உள்ளது.

1913இல் யொஹானஸ் ஸ்டார்க் என்னும் ஜேர்மானியர், வலிய மின்புலத்தில் ஐதரசனின் கோடுகள் பல கூறுகளாகப் பிளவுபடுவதைக் கண்டார். இத்தாலியரான லோ சுர்தோவும் அதே காலத்தில் தனித்துக் கண்டார். பிளாஸ்மாவிற் கோடு அகல்வதற்கு அடிப்படை இவ்விளைவே. ஆதலால் அவ்வகற்சி இன்றும் ஸ்டார்க் அகற்சி என்றே அழைக்கப்படுகின்றது. 1919இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

கண்டவர் ஸ்டார்க். ஆனால் கோடு ஏன் அவ்வாறு பிளவுபடுகின்றது என்பதை 1916இல் போரின் அணுக்கொள்கையைக் கொண்டு கணித்துக் காட்டியவர்கள் போல் எப்ஸ்ரைனும் கார்ல் சுவார்ஸ்சில்டும் ஆவர். இருவரும் யூதர். பின்னர் ஸ்டார்க் நாசிகளின் பக்கம் சேர்ந்தார். செய்முறையை ஆரிய அறிவு என்றும், கொள்கைப் பௌதிகத்தை யூத அறிவு என்றும் பிரித்தார். ஐன்ஸ்டைனின் சார்புக் கொள்கையையும் புதிய சொட்டுப் பௌதிகத்தையும் இகழ்ந்தார். 1937இல் நாசிகளின் சிறப்புப் படைக்குரிய செய்தித்தாளிலே, யூதரல்லாத ஹைசன்பேர்க்கைக்கூட ‘வெள்ளை யூதர்’ வரிசையில் வைத்துத் தாக்கும் கட்டுரை வெளிவருவதற்கு அவர் துணைநின்றார். தன் பெயரைத் தாங்கிய விளைவுக்கு விளக்கம் தந்தவர்களின் இனத்தையே அறிவுக்குப் பகையென்று பறைசாற்றியவர் அவர். ஐதரசன் அணு அவருடைய இனக்கொள்கையைப் பொருட்படுத்தவில்லை. அது எப்ஸ்ரைனும் சுவார்ஸ்சில்டும் கணித்தவாறே பிளவுபட்டது.

கையையும் தலையையும் பிரித்தல் எத்திசையிலிருந்து தொடங்கினாலும், இறுதியில் அது ஒரு கூட்டத்தாரைத் தாழ்த்துவதற்கே பயன்படுகின்றது. ஹாவார்டிலே அது பெண்களைத் தாழ்த்தியது. ஜேர்மனியிலே அது யூதரை விரட்டியது.

இவ்விரண்டையும் பிரிக்காதவர்களின் வழி வேறாயிருந்தது. 1919இல் நோர்வே நாட்டவரான ஹோல்ட்ஸ்மார்க், பிளாஸ்மாவில் எழுந்தமானமாகச் சிதறிக் கிடக்கும் அயன்கள் ஓர் அணுவின்மீது செலுத்தும் மின்புலம் எவ்வளவாயிருக்கும் என்பதை நிகழ்தகவு முறையிற் கணித்தார். அப்புலம் துணிக்கைச் செறிவின் மூன்றில் இரண்டு அடுக்குக்கு விகிதசமமானது என்பது அதன் விளைவு. ஐதரசனின் கோட்டகலம் இரு மடங்காயின், செறிவு ஏறத்தாழ 2.8 மடங்காகியிருக்கும் என்று இன்று நாம் கூறமுடிவது அக்கணிப்பின் வழியே. 1940களின் தொடக்கத்தில் தமிழ்க் குடும்பத்திற் பிறந்த சுப்பிரமணியன் சந்திரசேகரும் யோன் வொன் நொய்மனும் அதே கணிதத்தை எடுத்து, விண்மீன் கூட்டத்திலே ஒரு விண்மீன்மீது ஏனையவை செலுத்தும் ஈர்ப்பின் ஏற்ற இறக்கத்தை ஆராய்ந்தனர். ஒரு வாயுக்குழாயின் மங்கிய கோட்டை விளக்கப் பிறந்த கணிதம் விண்மீன் கூட்டங்களின் இயக்கத்தை ஆராயவும் உதவிற்று. கோட்டின் மங்கலைக் குறையென்று ஒதுக்கியிருந்தால் அக்கணிதத்துக்குப் பிறப்பேது?

அளத்தல் எழுதுவினைஞர் வேலையா?

இவ்விடத்தில் ஓர் எதிர்வாதம் எழுப்பப்படலாம். மோரியின் காலம் கடந்துவிட்டது. இன்று கருவி தானாக அளக்கின்றது. கணினி வளைகோட்டைப் பொருத்தி அகலத்தைச் சொல்லிவிடுகின்றது. எஞ்சியிருப்பது அட்டவணையை நிரப்பும் எழுதுவினைஞர் வேலையே என்பது அவ்வாதம். அளத்தல் எவ்வாறு நிகழ்கின்றது என்பதை ஊன்றிப் பார்த்தவர் இவ்வாறு கூறமாட்டார்.

முதலாவதாக, கருவி காட்டும் அகலம் பிளாஸ்மாவின் அகலம் அன்று. அதிலே கருவியின் பங்கு உண்டு. டொப்ளர் பங்கு உண்டு. நடுநிலை அணுக்களின் மோதலால் வரும் பங்கும் உண்டு. விண்மீனாயின் அதன் சுழற்சியும் கோட்டை அகலச் செய்யும். 1929இல் ஒட்டோ ஸ்ட்ரூவே விண்மீன்களின் ஐதரசன் கோடுகளில் ஸ்டார்க் விளைவின் பங்கைக் காட்டினார். அதே ஆண்டில் சாயின் என்பவரோடு சேர்ந்து சுழற்சியின் பங்கையும் ஆராய்ந்தார். ஒரே அகலத்துக்குப் பல தந்தையர். அவர்களைப் பிரித்தறிவதற்குக் கோட்டின் முழு உருவத்தையும் நோக்க வேண்டும். வெப்ப இயக்கம் கோட்டின் நடுப்பகுதியை விரிக்கும். மோதல்கள் நெடுந்தூரம் செல்லும் சிறகுகளைத் தரும். எதற்கு எவ்வளவு பங்கு என்று தீர்மானிப்பது கணினியன்று. எந்த உருவத்தைப் பொருத்தவேண்டும் என்று அதற்குச் சொல்லிக்கொடுப்பவரே தீர்மானிக்கின்றார்.

இரண்டாவதாக, பிளாஸ்மா தான் உமிழ்ந்த ஒளியைத் தானே உறிஞ்சிக்கொள்ளவும் கூடும். நடுவிலே ஒளி மிகுந்திருப்பதால் உறிஞ்சலும் அங்கேயே மிகும். கோட்டின் உச்சி தாழும். கோடு உண்மையிலும் அகன்றதாகத் தோன்றும். இதனைக் கருவி எச்சரிக்காது. ஐயங்கொண்டு சோதிப்பவரே காண்பார்.

மூன்றாவது காரணம் அளவையியல் கற்போர் கவனிக்க வேண்டியது. அகலத்திலிருந்து செறிவை அறிகின்றோம் என்கின்றோம். குறிப்பிட்ட அகலம் குறிப்பிட்ட செறிவைக் காட்டும் என்பது எவ்வாறு தெரிந்தது? செறிவு முன்னரே தெரிந்த பிளாஸ்மாவொன்றில் அகலத்தை அளந்ததால் தெரிந்தது. அந்தச் செறிவையும் அகலத்தைக் கொண்டே அறிந்திருந்தால் நியாயம் வட்டத்திற் சுற்றும். ஆகவே லேசர்க் கதிரைப் பிளாஸ்மாவினூடு செலுத்தி, இலத்திரன்களால் அதன் அலைக்கட்டம் எவ்வளவு பெயர்ந்தது என்று பார்த்தல் போன்ற வேறொரு தனி முறையாற் செறிவை நிறுவவேண்டும். வட்ட நியாயத்தை உடைக்கும் இச்செயலை எழுதுவினைஞர் வேலை என்று கூறுவோர் அளவையியலையும் அப்பெயராலேயே அழைக்கவேண்டும்.

பெல்கிரேட்டைச் சேர்ந்த நிக்கோலா கொன்யேவிச்சும் அமெரிக்கத் தேசிய நியமப் பணியகத்தைச் சேர்ந்த வீசேயும் வேறு சிலரும் 1976 முதல் வெளியிட்டுவந்த மதிப்பீடுகளைப் பார்த்தால் இது தெளிவாகும். உலகெங்கும் வெளிவந்த அகல அளவீடுகளை எடுத்து, செறிவு தனிமுறையால் அளக்கப்பட்டதா, தன்னுறிஞ்சல் சோதிக்கப்பட்டதா என்றெல்லாம் விசாரித்து, ஒவ்வொன்றுக்கும் அவர்கள் தரமிட்டனர். முதல் தரத்துக்கு வழு 15 சதவீதத்துக்குள் இருத்தல் வேண்டும். இரண்டாம் தரத்துக்கு 30. மூன்றாம் தரத்துக்கு 50. அதற்கும் மேற்பட்டவை கடைசித் தரம். முதல் தரமே 15 சதவீத வழுவை அனுமதிக்கின்றது என்பதைக் கேட்டுச் சிலர் நகைக்கலாம். தன் வழுவின் எல்லையைத் தானே எழுதிவைக்கும் எண், எல்லையற்ற உறுதியோடு முழங்கும் கோட்பாட்டிலும் நேர்மையானது. நமது இலக்கிய விமரிசனமும் வரலாற்றெழுத்தும் தம் முடிவுகளுக்கு இவ்வாறு தரமிட்டுக்கொள்ள முன்வருமா?

எவை இதிலே தங்கியுள்ளன?

அளவையின் பெருமையை அதன் கடினத்தால் மாத்திரம் நிறுவமுடியாது. அதிலே என்ன தங்கியுள்ளது என்பதையும் காட்டவேண்டும்.

சந்திரசேகர் 1930களின் தொடக்கத்தில், வெண்குள்ளன் எனப்படும் விண்மீனின் திணிவு ஞாயிற்றின் திணிவிலும் ஏறத்தாழ 1.4 மடங்குக்கு மேற்போக முடியாது என்று கணித்தார். இவ்விண்மீன்கள் ஞாயிற்றின் திணிவை ஒத்த திணிவைப் பூமியளவு உருவத்துள் அடக்கியவை. அவற்றின் மேற்பரப்பிலே ஈர்ப்பு மிகக் கடுமையானது. வாயு நெருக்குண்டு கிடக்கின்றது. ஆதலால் அங்குள்ள ஐதரசனின் கோடுகள் மிகப் பரந்தவை. அவ்வகலத்தைப் படித்து ஈர்ப்பையும், ஈர்ப்பிலிருந்து திணிவையும் கணிக்கும் முறையை 1992இல் பேர்ஜறோனும் துணைவரும் பெருந்தொகையான வெண்குள்ளன்களுக்குப் பயன்படுத்தினர். பெரும்பாலானவற்றின் திணிவு ஞாயிற்றின் திணிவில் 0.6 மடங்குக்கு அண்மையிலே திரண்டிருப்பது அத்தகைய ஆய்வுகளால் தெரியவந்தது. 2009இல் திரம்பிளேயும் பேர்ஜறோனும் ஐதரசன் கோட்டின் ஸ்டார்க் அகற்சிக்குரிய கணிப்பைத் திருத்தியமைத்தபோது, அவ்விண்மீன்களுக்குக் கூறப்பட்டுவந்த திணிவுகள் கூடின. வானத்தில் எதுவும் மாறவில்லை. மாறியது ஓர் அட்டவணை. எழுதுவினைஞர் வேலை என்று இகழப்படும் அட்டவணையொன்று திருத்தப்படும்போது நூற்றுக்கணக்கான விண்மீன்களின் நிறை மாறுகின்றது.

ஞாயிறும் இதற்கு விலக்கன்று. இந்நூற்றாண்டின் தொடக்கத்திலே ஞாயிற்றிலுள்ள ஒட்சிசன் முதலியவற்றின் அளவு முன்னர் எண்ணியதிலும் குறைவென்று மதிப்பிடப்பட்டது. அப்புதிய அளவைக் கொண்டு கணித்த ஞாயிற்றின் உட்புறம், அதன் அதிர்வுகளிலிருந்து அறியப்பட்ட உட்புறத்தோடு பொருந்தவில்லை. 2015இல் பெய்லியும் துணைவரும் அமெரிக்காவின் சாண்டியா ஆய்வுகூடத்தில், இரும்பை 20 இலட்சம் கெல்வின் அளவுக்குச் சூடாக்கி, அது கதிர்ப்பை எவ்வளவு தடுக்கின்றது என்று அளந்தனர். சில அலைநீளங்களிலே அளவீடு கொள்கை கூறியதைவிட 30 முதல் 400 சதவீதம் வரை மிகுந்திருந்தது. ஞாயிற்றைப் பற்றிய நமது கணிப்பையே ஐயத்துக்குள்ளாக்கும் முடிவு இது. அச்சோதனையிலே, கணப்பொழுது மாத்திரம் நிலைக்கும் அப்பிளாஸ்மாவின் செறிவு எவ்வாறு அறியப்பட்டது? இரும்போடு மகனீசியத்தைக் கலந்து, மகனீசியத்தின் கோடுகள் எவ்வளவு அகன்றன என்று பார்த்து அறியப்பட்டது. கொள்கை பிழையா, அளவீடு பிழையா என்னும் வழக்கிலே சாட்சிக் கூண்டில் நிற்பது மோரியும் தம் தகடுகளில் கண்டு குறித்த கோட்டின் அகலமே.

நமது கடமை

பெல்கிரேட்டைப் பற்றி மேலே குறிப்பிட்டேன். அது அக்காலத்து யூகோசிலாவியாவின் தலைநகரம். பெருநாடுகளின் துணிக்கை ஆர்முடுக்கிகளைப் போன்றவற்றைக் கட்டும் செல்வம் அந்நாட்டுக்கு இருக்கவில்லை. ஆனால் மின்வில்லும், துடிப்பு மின்னிறக்கக் குழாயும், நல்ல நிறமாலைக் கருவியும், தலைமுறை தலைமுறையாகக் கைமாறிய பொறுமையும் அங்கு இருந்தன. அவற்றைக் கொண்டே அந்நகரம் ஸ்டார்க் அகற்சி ஆய்வில் உலகின் முதன்மையான நிலையங்களுள் ஒன்றாயிற்று. 1990களின் போர்களும் பொருளாதாரத் தடைகளும் அந்நாட்டைச் சிதைத்த காலத்திலும் அங்கிருந்து ஆய்வுகள் வெளிவந்துகொண்டிருந்தன. பிற்காலத்திலே பாரிஸ் வானாய்வு நிலையத்தோடு இணைந்து பெல்கிரேட்டார் உருவாக்கிய கோட்டகலத் தரவுத்தொகுதி உலகெங்கும் பயன்படுகின்றது. சிறிய நாட்டவர் பெரிய நாட்டவரின் கொள்கைகளை ஒப்புவிக்கத்தான் முடியும் என்போருக்கு இது போதிய மறுமொழி.

நமது நிலை யாது? செய்முறை வகுப்பிலே வரவேண்டிய பெறுமானத்தை முன்னரே அறிந்துகொண்டு, அதற்கேற்ப வாசிப்புகளை எழுதும் வழக்கத்தைக் கண்டும் காணாதார் போல் இருக்கின்றோம். எதிர்பார்த்ததிலிருந்து விலகிய வாசிப்பு அழிக்கப்படுகின்றது. அதுதான் ஒருவேளை அன்றைய நாளில் அவ்வறையில் இருந்த ஒரேயொரு புதிய செய்தி. கலைப்பீடத்திலே கள ஆய்வுக்குச் சென்று வீடு வீடாக வினாக்கொத்தை நிரப்பியவர், முன்னுரையின் இறுதியில் பெயரின்றி நன்றி கூறப்படுபவராக எஞ்சுகின்றார். மக்கள் கூறியவற்றுள் வினாவின் கட்டங்களுக்குள் அடங்காதவை பிற என்னும் நிரலில் இடப்படுகின்றன. கட்டத்துக்குள் அடங்காத பதில், கோட்டுக்குள் அடங்காத ஒளியைப் போன்றது. அதனைக் கண்டவர் அவரே. ஆனால் அதனைப் பற்றி அவரிடம் எவரும் கேட்பதில்லை.

இவ்வழக்கங்கள் மாறவேண்டும். செய்முறைக்கு வழங்கப்படும் புள்ளி, சரியான விடைக்காக அல்லாமல் நேர்மையான வாசிப்புக்காகவும் வழுவைப் பற்றிய விசாரணைக்காகவும் வழங்கப்படல் வேண்டும். விலகிய வாசிப்பை அழித்தவர் புள்ளி இழக்கவேண்டும். அதற்குக் காரணம் தேடியவர் பெறவேண்டும். களத்திலே தரவு திரட்டிய மாணவரின் பெயர் ஆய்விலே ஆசிரியரின் பெயரோடு இடம்பெற வேண்டும். முடிவுகளை விவாதிக்கும் மேசையிலும் அவருக்கு ஓர் ஆசனம் வேண்டும். ஆய்வேடுகள் தாம் எவ்வளவு உறுதியுடையன, எங்கே உறுதியற்றன என்று எழுதவேண்டும். இவற்றுள் எதற்கும் புதிய கட்டடமோ வெளிநாட்டு நிதியோ தேவையில்லை. தேவையானது, அளப்பவரும் சிந்திப்பவரே என்று ஒப்புக்கொள்ளும் மனம் ஒன்றே. அம்மனத்தை இப்பல்கலைக்கழகத்தில் முதலிற் காட்டவேண்டியவர்கள் விரிவுரையாளர்கள். அதனை அவர்களிடம் கேட்டுப்பெற வேண்டியவர்கள் மாணவராகிய நாங்கள்.